குற்றாலநாதருக்குக் கஷாயம், நம் இலைக்கு இஞ்சி

பேரருவியின் இரைச்சல் கேட்கும் தொலைவில், சங்கு வடிவில் அமைந்த திருக்கோயிலில் குழல்வாய்மொழி அம்மையுடன் எழுந்தருளியிருக்கிறார் திருக்குற்றாலநாதர். நாளெல்லாம் அவருக்கு அன்னமும் பிற நைவேத்தியங்களும் படைக்கப்பட்டாலும், அர்த்தஜாம வழிபாட்டில் படைக்கப்படுவது வேறொன்று. சுக்கு, மிளகு, கடுக்காய் முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம்!

ஆண்டு முழுவதும் அருவியின் ஈரக் காற்றிலும் சாரலிலும் இருப்பவருக்குக் குளிர்ச்சியால் தீங்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்ற கவலையால் ஏற்பட்ட வழக்கம் இது. மூலிகைத் தைலமும் அவர் திருமுடியில் சாத்தப்படுகிறது. திருமால் வடிவில் நின்றவரை அகத்திய மாமுனிவர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பதும், அதனால் உண்டான தலைவலி தீரவே தைலம் என்பதும் தல வரலாறு. மலையையும் அருவியையும் படைத்தவனுக்கு ஜலதோஷம் வருமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மழையில் நனைந்து வந்த பிள்ளைக்கு மிளகு ரசம் வைக்கும் தாய் அப்படிக் கேட்பதில்லை.

தென்காசிச் சீமையின் சமையலுக்கே இலக்கணம் அந்தக் கஷாயக் கிண்ணத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. இன்ன ஊர், இன்ன மாதம், உண்பவர் இன்னார் என்று பார்த்துச் சமைப்பது; விருந்து எவ்வளவு கனமோ அந்த அளவுக்கு அதற்கான மாற்றையும் அதே இலையில் வைப்பது. பண்டிகை விருந்தைப் பெட்டியில் அடைத்து வாங்கும் பழக்கம் எங்கள் தெருவிலும் சில வீடுகளில் வந்துவிட்டது. இனிப்பும் பொரியலும் குறைவில்லாமல் வருகின்றன. அந்த மாற்று மட்டும் பெட்டியில் வருவதில்லை.

திருநெல்வேலிச் சொதியை எடுத்துக்கொள்வோம். திருமணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்து என்பதால் 'மாப்பிள்ளைச் சொதி' என்றே அதற்குப் பெயர். யாழ்ப்பாணத்தில் இடியாப்பத்துக்கு ஊற்றும் சொதி நீர்த்திருக்கும், நம்முடையது கெட்டி. இப்போதெல்லாம் கோடை விடுமுறைக்கோ தீபாவளிக்கோ சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கினால், "எப்போது சொதி?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது.

பத்துப் பேருக்குப் பெரிய தேங்காய் இரண்டு வேண்டும். துருவி அரைத்து மூன்று பால் எடுக்க வேண்டும். முதற்பால் கெட்டி, அதைத் தனியே மூடி வைத்துவிட வேண்டும். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், சிறிய வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் ஆகியவை வேகும். காய் முக்கால் பதம் வெந்ததும், தனியே குழைய வேகவைத்த பாசிப்பருப்பை இரண்டாம் பாலோடு கலந்து சேர்ப்பார்கள். பருப்பு 150 கிராம் போதும். மிகுந்தால் சொதி கூட்டாகிவிடும். பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுதுதான் காரம். மிளகாய்ப்பொடியும் மஞ்சள்பொடியும் புளியும் கிட்டே வரக்கூடாது. கடைசியில் முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். சூடு சற்று அடங்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. அடுப்பு எரியும்போதே எலுமிச்சையைப் பிழியும் அவசரக்காரர்களுக்குச் சொதி கைகூடுவதில்லை.

இரண்டு தேங்காயின் பால் பத்து வயிறுகளுக்குள் போகிறது. மதிய வெயிலில் அது எளிதில் செரிக்குமா? அதனால்தான் சொதி பரிமாறும் இலையில் இஞ்சித் துவையலோ இஞ்சிப் பச்சடியோ கட்டாயம் இருக்கும். உருளைக்கிழங்குக் காரக்கறி இல்லாவிட்டாலும் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இஞ்சி இல்லாவிட்டால் முகம் சுளிப்பார்கள். அர்த்தஜாமக் கஷாயத்துக்கும் இந்த இஞ்சித் துவையலுக்கும் உறவு இருக்கிறது அல்லவா? தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், பலகாரத் தட்டுக்கு முன்பாக ஓர் உருண்டை தீபாவளி மருந்தைக் கையில் கொடுப்பதும் அதே கணக்குத்தான். புத்தாண்டு நாளில் மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தோடு வேப்பம்பூவும் விழுகிறது.

தென்காசிச் சமையலுக்கு இன்னொரு வாசலும் உண்டு. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி அரசில் இருந்தது. எல்லைக்கோடு மாறியது, அடுப்பு மாறவில்லை. அவியலுக்குத் தேங்காய் எண்ணெயைப் பச்சையாக ஊற்றி மூடி வைப்பதும், சித்திரை முதல் நாள் விடியலில் பழங்களையும் கொன்றைப் பூவையும் கண்ணாடியையும் வைத்துக் கனி காண்பதும் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இன்றும் உண்டு. அந்த நாட்களில் குற்றாலத்தில் சித்திரை விசுத் திருவிழா நடைபெறும். தலவிருட்சமான குறும்பலாவைத் தனியாகவே ஒரு பதிகத்தால் பாடியிருக்கிறார் திருஞானசம்பந்தர். அதே பருவத்தில் பலாக்கொட்டை நம் வீட்டு அவியலுக்குள் வந்துவிடும்.

குற்றாலத்து விருந்தோம்பலைப் பேசும்போது ரசிகமணி டி.கே.சி.யை விட்டுவிட்டுப் போக முடியாது. 1882-இல் பிறந்து 1954-இல் மறைந்த டி.கே. சிதம்பரநாத முதலியார், இந்து அறநிலையக் குழுவின் ஆணையராகவும் இருந்தவர். தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்குக் கம்பனின் கவிதையும் கிடைத்தது, வயிறார உணவும் கிடைத்தது. பாட்டை அவசரமில்லாமல் அனுபவிக்கச் சொன்ன அந்த மனிதர், உணவையும் அப்படித்தான் நடத்தியிருக்க வேண்டும். இலையைப் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் விருந்து விருந்தாகாது.

இனி, சமையலைப் பொழுதுபோக்காக ஏற்பது பற்றி. பணி ஓய்வு பெற்ற ஆண்கள் பலர் காலையில் கோயில், பிறகு நாளிதழ், மாலையில் மறுபடியும் கோயில் என்று நாளைக் கழிக்கிறோம். இடையில் உள்ள ஆறு மணி நேரத்துக்குச் சமையலறையைப் போல நல்ல துணை வேறில்லை என்பது என் அனுபவம். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பேரேட்டோடு வாழ்ந்தவனுக்கு அடுப்படியில் முதலில் பிடித்துப்போனது அளவு. சமையலும் அளவும் நம் கோயில்களில் ஒன்றாகவே இருந்தன. அமுதுபடிக்கு நிவந்தம் அளித்த பாண்டியர், சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். இத்தனை நாழி அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு நெய், மிளகு, தயிர், அடைக்காய் என்று எழுதியிருக்கும். அது வரவு செலவுத் திட்டம், சமையற்குறிப்பும் அதுதான். 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், ஒரு வேளை நைவேத்தியத்தில் எத்தனை பேர் பசி ஆறியிருக்கும் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

தென்காசியில் காசி விசுவநாதருக்கும் உலகம்மைக்கும் கோயில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இந்தக் கோயிலைக் காப்பவர்களின் பாதங்களைத் தாம் வணங்குவதாகக் கல்லில் எழுதி வைத்தார். கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்று அறிந்த மன்னர் அவர். வீட்டுச் சமையலில் இந்தக் கவலைக்கு இன்றுவரை கல்வெட்டு இல்லை.

எங்கள் கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மை இருக்கிறார். வயது எண்பத்தாறு. திருவாதிரைக் களியும் தாளகமும் அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள் வேறிடத்தில் அதைத் தேட மாட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய பேத்தி தொலைபேசியில், "எத்தனை கிராம் ஆச்சி?" என்று கேட்டிருக்கிறாள். "கிராம் எனக்கு என்னத்தத் தெரியும், கை சொல்லும்" என்று ஆச்சி பதில் சொல்லியிருக்கிறார். கை சொல்வது கடல் தாண்டிக் கேட்காதே! அவருடைய மகன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்கதான் தராசும் நோட்டுமா அலையுதீங்க, அம்மை பக்கத்துல ஒருநாள் உட்காருங்களேன்" என்றார்.

உட்கார்ந்தேன். முறை எளியது. பெரியம்மை கைப்பிடியாக எதை எடுத்தாலும் அது பாத்திரத்தில் விழுவதற்கு முன் நான் ஒரு கிண்ணத்தை நீட்டுவேன். தராசில் வைத்து எழுதிக்கொண்ட பிறகே அது அடுப்புக்குப் போகும். "ஏய்யா, அளந்துகிட்டே இருந்தா அடுப்புத் தீ அணைஞ்சிபோகும்லா" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை அவரே கிண்ணத்தை எதிர்பார்த்துக் கையை நிறுத்தினார்.

எட்டுப் பேருக்கு அவர் வைத்த களியின் கணக்கு இது: பச்சரிசி ஐந்து குத்து, அதாவது 240 கிராம். பாசிப்பருப்பு ஒரு குத்து, 50 கிராம். வெல்லம் 400 கிராம். அரிசியை அளந்த குவளையால் தண்ணீர் மூன்று. தேங்காய் அரை மூடி, நெய் ஐந்து கரண்டி, ஏலக்காய் ஆறு, முந்திரி கைக்கு வந்தபடி. அரிசியை வெறும் வாணலியில் சிவக்க வறுக்க வேண்டும். வெள்ளையாக எடுத்தால் களி கூழாகிவிடும், கருகினால் கசக்கும். "நிறத்தப் பாக்காத, வாசத்தப் பாரு" என்றார். இதை மட்டும் தராசில் வைக்க முடியவில்லை. வறுத்ததை ஆறவிட்டு ரவையாக உடைத்து, வெல்லத் தண்ணீரைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, வெந்த பருப்பையும் தேங்காய்த் துருவலையும் போட்டு, ரவையைத் தூவிக் கிளற வேண்டும். நீர் வற்றியதும் மூடி, சிறு தீயில் ஆவியிலேயே புழுங்கவிட வேண்டும். திறந்தால் உதிரி உதிரியாக, ஆனால் தொட்டால் மெத்தென்று இருப்பதே பதம். நெய் அதற்குப் பிறகு.

களியின் கதை அன்பர்கள் அறிந்ததே. விறகு விற்று அடியாருக்கு அமுது படைத்துவந்த சேந்தனார், மழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில், வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டிக் காத்திருந்தார். அடியாராக வந்து உண்டவர் தில்லைக்கூத்தர். மறுநாள் காலை திருச்சந்நிதியில் களி சிந்திக் கிடந்தது. வறுமை நாளின் உணவு, ஈசன் உண்டதால் பண்டிகை உணவாயிற்று. ஐந்து சபைகளில் நான்கில் ஆடவல்லானைத் திருமேனியாகத் தரிசிக்கிறோம். குற்றாலத்துச் சித்திர சபையில் மட்டும் சுவரில் ஓவியமாக நின்று ஆடுகிறார். மார்கழித் திருவாதிரைக்கு அங்கே பத்து நாள் விழா. திருவாதிரையன்று அதிகாலைக் குளிரில் தாண்டவ தீபாராதனை கண்டு, அருவியின் ஈரத்தோடு வீடு திரும்பியவர்களுக்குச் சூடான களியும் தாளகமும் எப்படி இருக்கும் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

களி இனிப்பு. அதற்குத் துணையாக வரும் தாளகம் புளிப்பும் காரமும். வீட்டுக்கு வீடு அதன் பெயரும் சேர்மானமும் மாறும். ஏழுகறிக் குழம்பு என்போரும் உண்டு. காய்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். பெரியம்மை வீட்டில் ஒன்பது: வெள்ளைப்பூசணி, மஞ்சள்பூசணி, வாழைக்காய், அவரை, கத்தரி, சேனை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, பச்சை மொச்சை. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, அதில் காய்களை வேகவைக்க வேண்டும். வறுத்து அரைப்பதற்கு மல்லி, மிளகாய் வற்றல் ஒன்பது, கடலைப்பருப்பு, சிறிது பச்சரிசி, அரை மூடித் தேங்காய், இவற்றோடு எள். உள்ளங்கைக் குழி நிறைய எள் எடுத்தார். தராசு 15 கிராம் காட்டியது. எள்தான் தாளகத்துக்கு உயிர். அது வாணலியில் வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். குளிர் மாதத்தில் உடலுக்குச் சூடு தரும் எள்ளை மார்கழிக் குழம்புக்குள் வைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அன்று எழுதிய நான்கு பக்கங்களைப் படியெடுத்துப் பேத்திக்கு அனுப்பினார்கள். திருவாதிரைக்கு அவள் அங்கே களி கிண்டி, படம் அனுப்பினாள். பெரியம்மை கைப்பேசியைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சிவக்க வறுத்திருக்கணும்" என்றார். பிறகு, "தேவல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. ஐப்பசியில் அவருக்கு வலக்கை சற்று நடுங்கத் தொடங்கியிருந்தது என்பதையும், அதனால்தான் அவர் மகன் என்னைத் தேடி வந்தார் என்பதையும் நான் பிறகே அறிந்தேன். இப்போது அவர் அடுப்புக்கு முன் நிற்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார், மருமகள் செய்கிறாள். சில நாட்களில் என் நோட்டைக் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள்.

திருவாதிரை முடிந்தால் அடுத்தது தைப் பொங்கல். அப்போது பாவூர்சத்திரம் சந்தையில் கிழங்குகளின் அரசாட்சி. சேனை, சேம்பு, கருணை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் வந்து குவியும். எல்லாவற்றிலும் மேலானது சிறுகிழங்கு. வேறு மாவட்டத்து நண்பர்களுக்கு இதன் அருமை தெரியாது. மண் வாசனையோடு நெகிழ்ந்து வேகும் அந்தக் கிழங்கு வருவது சில வாரங்களுக்குத்தான். தோல் சீவுவது பெரும்பாடு. கத்தி கொண்டு சீவினால் பாதிக் கிழங்கு போய்விடும். ஊறவைத்த கிழங்கைக் கோணிச் சாக்கில் போட்டுக் கட்டி, தரையில் புரட்டித் தேய்த்தால் தோல் தானே கழன்றுவிடும். இந்த வேலைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகளை விட்டால், அவர்களே விளையாட்டாக முடித்துவிடுவார்கள்.

வாசலில் கோலமிட்டு, பொங்கல் கட்டிகளுக்குக் காவியும் சுண்ணாம்பும் பூசி, பனையோலைத் தீயில் பாலைப் பொங்கவிட்டு, தலைவாழை இலையில் பொங்கலும் கிழங்குகளும் காய்கறிக் குழம்பும் வைத்துக் கதிரவனுக்குப் படைப்பது இங்குள்ள முறை. பனையோலை சட்டென்று பற்றி ஆளுயரத்துக்கு எரியும். சேலைத் தலைப்பையும் வேட்டி நுனியையும் இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டே போக வேண்டும். நிறைந்த வெண்கலப் பானையை அறுபது கடந்தவர்கள் தனியாகத் தூக்க முயல வேண்டாம். மாலையில் மிஞ்சிய குழம்பையும் கூட்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சுண்டவைத்தால் மறுநாளுக்குச் சுண்டக்கறி. பழைய சோற்றோடு அதைச் சாப்பிட்டவர்கள், முதல்நாள் விருந்தே இதற்கான முன்னேற்பாடுதான் என்பார்கள். நானும் அந்தக் கட்சி.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இவ்வளவு பெரிய விருந்தை ஆக்கிய வீட்டுப் பெண்மணி கடைசிப் பந்தியில், ஆறிய சோற்றோடு, அவியல் தீர்ந்த பிறகு உட்கார்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை இதைப் பார்த்து வந்திருக்கிறோம். இறைவனுக்குப் படைத்ததும் முதல் பந்தியில் சமைத்தவர்களை உட்காரவைத்து, ஆண்கள் பரிமாறலாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் சென்ற பொங்கலுக்கு அப்படித்தான் நடந்தது. சாதம் பரிமாறும் கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று என் மைத்துனர் கேட்டதைத் தவிர வேறு குழப்பம் இல்லை. சமையலை ஆண்கள் பொழுதுபோக்காக ஏற்கும்போது ஒரு பதார்த்தத்தை மட்டும் ஆர்ப்பாட்டமாகச் செய்துவிட்டுப் பத்துப் பாத்திரத்தைத் தேய்க்கப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம் என்று வீட்டுக்காரி சொல்வாள். பாத்திரமும் பொழுதுபோக்கில் சேர்ந்ததே.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இந்த விருந்துகளை என்ன செய்வது? களியை இலை நிறையப் போட்டுக்கொள்ளாமல் பிரசாதமாக ஒரு கரண்டி. தாளகத்தில் காய்களை மிகுதியாக, சோற்றைக் குறைவாக. சேனையும் அவரையும் பூசணியும் இவ்வளவு கூடிவரும் குழம்பு வேறு எது? சொதியில் முதற்பாலைச் சேர்ப்பதற்கு முன்பே தமக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சுக்கும் இஞ்சியும் சேர்த்துவிட்டோம் என்பதற்காக மாத்திரையை நிறுத்துவதோ, மருத்துவர் சொன்ன அளவை மீறுவதோ கூடாது. குற்றாலநாதரின் கஷாயம் அன்பின் அடையாளம். அதை நாம் நமக்கு வைத்தியமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆண்கள் எவ்வளவு தேர்ந்தாலும் கதவு திறக்காத ஓர் அடுப்படி இந்தச் சீமையில் உண்டு. ஔவையார் நோன்பு! தை, மாசி, ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை இரவுகளில், வீட்டு ஆண்கள் உறங்கிய பிறகு, பெண்கள் மட்டும் கூடி, பச்சரிசி மாவில் உப்பில்லாத கொழுக்கட்டை பிடித்து, ஔவையாரை வழிபட்டு, விடியுமுன் உண்டு முடித்துவிடுவார்கள். அந்தக் கொழுக்கட்டையை ஆண்கள் பார்க்கவும் கூடாது. பால்குடி மறந்த சிறுவனுக்கும் அனுமதி இல்லை. சொதிக்கும் களிக்கும் தாளகத்துக்கும் சிறுகிழங்குப் பொரியலுக்கும் என் நோட்டில் பக்கம் இருக்கிறது. கொழுக்கட்டைக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அளவைச் சொல்லும்படி என் மனைவியிடம் கேட்டேன்.

"உப்பு கிடையாது. அவ்வளவுதான் உங்களுக்குச் சொல்லலாம்" என்றாள்.